சுவர் கேட்க வந்தவர்கள்

பாறையடிக் காலனியில் குத்தாலிங்கத்தின் வீட்டுச் சுவரில் ஒரு நீல முக்கோணம் முளைத்த அன்று, அவர் மனைவி செண்பகம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நல்ல உயரத்தில்தான் இருக்கிறது என்று முடிவுசெய்து, பால் பாக்கெட் பையை அதில் மாட்டினாள். உள்ளங்கை அகலம் இருக்கும். தென்காசிக்கு மேற்கே அந்த மாதம் முழுக்கச் சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது, ஊரில் உள்ள சுவரெல்லாம் ஊறிப் பாசி பிடித்துக் கிடந்தது, அந்த முக்கோணம் மட்டும் நனையவில்லை, அதற்கு நிழலும் விழவில்லை, எறும்புகள் அதன் ஓரம்வரை வந்து சுற்றிக்கொண்டு போயின. மறுநாள் பார்த்தால் காலனியின் அத்தனை வீட்டிலும் அதே இடத்தில் அதே முக்கோணம். கணக்கெடுக்க வந்தவர்கள் ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள் என்றார் ஒருவர், கரண்ட் ஆபீஸ் வேலை என்றார் இன்னொருவர். எந்த வீட்டையாவது விட்டுவிட்டு வந்திருந்தால் சண்டை நடந்திருக்கும், எல்லோருக்கும் வந்துவிட்டதால் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

குத்தாலிங்கத்தின் தங்கை உலகம்மாளுக்கு மட்டும் அது என்னவென்று பார்த்ததுமே தெரிந்தது. தென்காசியில் ஃபெலிக்ஸ் எஞ்சினியரின் அலுவலகத்தில் வருஷக்கணக்காகக் கம்ப்யூட்டரில் வீடு வரைகிறவள் அவள். திரையில் ஒரு படத்தைத் தொட்டால் இதே நீலத்தில் இதே முக்கோணம் எட்டிப் பார்க்கும், இதைப் பிடித்து இழு என்று அதற்கு அர்த்தம். குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஹாலுக்கும் சின்ன அறைக்கும் நடுவில் உள்ள தடுப்புச் சுவரில் ஒன்று இருக்க வேண்டும், இருந்தது. வாசல் நிலையில் இரண்டு பக்கமும் கூர் வைத்த அம்பு ஒன்று இருக்க வேண்டும், அதுவும் இருந்தது. எல்லாம் அவள் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. அவள் போய்க் காப்பி குடித்தாள்.

அந்தக் காலனி மண்ணில் எழும்புவதற்கு முன்னால் ரொம்ப காலம் ஃபெலிக்ஸ் சாரின் மேஜையில்தான் கிடந்தது. வீட்டுச் சங்கத்துக்காரர்கள் இன்றைக்கு வந்து ஹாலைப் பெரிசாக்கு என்பார்கள், நாளைக்கு வந்து நேற்றைக்கு இருந்ததே தேவலை என்பார்கள், ஒவ்வொரு முறையும் அத்தனை வீட்டையும் அழித்து உலகம்மாள் மறுபடி வரைய வேண்டும், சுவரை நகர்த்தினால் ஜன்னல் வராது, ஜன்னலை நகர்த்தினால் கதவு அந்தரத்தில் தொங்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு வீட்டை மட்டும் வளைந்துகொடுக்கிற வீடாக வரைந்து, அதையே வரிசையாக வைப்பது என்று அவள் முடிவுசெய்தாள். அந்த மாதிரி வரைவதில் ஒரு முறை உண்டு. இந்த வீட்டில் எது மாறலாம் என்று முதலில் சொல்ல வேண்டும், அதற்குப் பாராமீட்டர் என்று பெயர். அது மாறும்போது எது நீள வேண்டும், எது கூடவே நகர வேண்டும், எது புரள வேண்டும் என்று அடுத்தபடியாகச் சொல்ல வேண்டும், அதற்கு ஆக்‌ஷன் என்று பெயர். அதில் எதைச் சேர்க்காமல் விட்டோமோ அது இருந்த இடத்திலேயே நின்றுவிடும். எதைத் திருத்துவதானாலும் அந்த ஒரு வீட்டுப் படத்தைத் திருத்தினால் போதும், அதைப் பார்த்து வைத்த அத்தனையும் திருந்திவிடும்.

பக்கச் சுவருக்கும் தடுப்புச் சுவருக்கும் வாசல் கதவுக்கும் அவள் இதையெல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். கடைசியில் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி கேட்கும்: எதுவரை விரியலாம், எதுவரை சுருங்கலாம். ஹாலுக்கு இரண்டையும் எழுதினாள். சின்ன அறைக்கு விரிகிற அளவை எழுதிவிட்டுச் சுருங்குகிற அளவுக்கு வந்தபோது, அறையின் நடுவில் 'ஸ்டோர்' என்று அவளே எழுதி வைத்திருந்தது கண்ணில் பட்டது. பழைய பாத்திரமும் சாக்கும் கிடக்கப்போகிற இடம், அது எதுவரை சுருங்கினால் யாருக்கு என்ன? கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள்.

பிறகு வீடுகள் எழும்பின, குத்தாலிங்கத்துக்கு அதில் ஒன்று கிடைத்தது, குடிவந்த அன்று அண்ணன், மதினி, அவர்கள் மகள் கோமதி, பீரோ, கட்டில், கிரைண்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் ஒதுக்கிக்கொண்டே வந்தபோது உலகம்மாளுக்கு அந்த ஸ்டோர் வந்தது. மாப்பிள்ளை பார்த்து அலுத்து, அப்புறம் பார்ப்பதையே விட்டுவிட்ட வீட்டில் அவளுக்கென்று கதவு போட்ட அறை கிடைத்ததே பெரிசு என்றுதான் அவளும் நினைத்தாள். கட்டில் போட்டால் பக்கத்தில் நடக்க இடம் இருந்தது. மலையைப் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது, அதுவும் அவள் வரைந்ததுதான்.

முக்கோணத்தை இழுக்கலாம் என்பதைக் கண்டுபிடித்தவள் செண்பகம். பையில் பால் பாக்கெட்டோடு கால் மூட்டை வெங்காயத்தையும் சேர்த்து மாட்டிவிட்டு, அவசரமாகப் பையைத் தள்ளி உருவியபோது, சேலை உரசுகிற சத்தத்தோடு சுவர் ஒரு முழம் அந்தப் பக்கமாகப் போனது. ஹால் அகன்றது. ஜன்னல் தானாக நடுவுக்கு வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சர் வாசலுக்கு வந்தாள், வீட்டிலேயே பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறவள்.

"செண்பகம், உங்க வீட்டுச் சுவரு எங்க பக்கம் வந்திருக்கு, பாருங்க. பிள்ளைய எல்லாம் ஒண்ணு மடியில ஒண்ணு உக்காந்திருக்கு."

"ஆமா டீச்சர், இங்க காணோம். இழுத்துக்கிடுதேன்."

"மெதுவா இழுங்க, ஒண்ணும் அவசரமில்ல. அளவு கணக்குதான் நடக்கு, அதுக்கு இதுவே உதாரணமாப் போச்சு."

இப்படித்தான் அது ஊருக்குத் தெரிந்தது. வரிசை வீடுகளில் ஒரு சுவர் இரண்டு வீட்டுக்குப் பொது, ஒருத்தர் இழுத்தால் ஒருத்தருக்குக் குறையும், வேறு எந்த ஊராக இருந்தாலும் இந்நேரம் மண்டை உடைந்திருக்கும். பாறையடிக் காலனிக்காரர்கள் சடங்கு ஏற்பாடு செய்வதில் கெட்டிக்காரர்கள். ஆனி முடிவதற்குள் அதற்கும் ஒரு முறைமை வந்துவிட்டது. வீட்டில் விசேஷம் வைக்கிறவர்கள் தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு கை சீனி வைத்து எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், வாசலுக்கு வெளியே நின்று, "சுவரு கேக்க வந்திருக்கோம்" என்று சொல்ல வேண்டும். கேட்கப்பட்டவர்கள், "சுவரென்ன, வீட்டையே எடுத்துக்கிடுங்க" என்று சொல்லி வெற்றிலையை எடுத்துக்கொள்ள வேண்டும். வெற்றிலையை எடுக்காமல் விட்டால் தரவில்லை என்று அர்த்தம், அப்படி யாரும் விட்டதில்லை. கல்யாண வீடு என்றால் பஸ்ஸில் தள்ளி உட்காருகிற மாதிரி வரிசையே ஒருவர் மாற்றி ஒருவர் தள்ளிக் கொடுக்கும், கடைசி வீட்டுக்காரர்கள் விசேஷம் முடிகிறவரை பக்கவாட்டில் நடப்பார்கள். சாவு வீட்டுக்குத் தட்டு வேண்டாம், கேட்காமலே எல்லோரும் சுருங்கிவிடுவார்கள். விசேஷம் முடிந்ததும் சுவரை லட்டோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். சுவரில் ஆணி அடித்துத் திருப்பிக் கொடுத்த ஒருவருடைய குடும்பத்துக்கு இன்றுவரை ஆணிக்காரர் வீடு என்றுதான் பேர்.

வீட்டுவரிக்கு அளக்க ஒரு அதிகாரி வந்தார். அவர் வரும் நேரம் பார்த்து எல்லா வீடும் ஒல்லியாக இருந்தது, தெருமுனைவரை போனவர் குடையை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தபோது எல்லா வீடும் குண்டாக இருந்தது. அவர் கொஞ்சம் யோசித்து, 'அளவு மாறுதலுக்கு உட்பட்டது' என்று எழுதி, முத்திரை குத்தி, இன்னொரு காப்பி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

வாசலில் இருந்த இரட்டை அம்பைத் தொட்டால் கதவு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குப் புரண்டுகொள்ளும். வாஸ்து பார்க்கிறவர்களுக்கு நல்ல வசதி. ஆனால் உலகம்மாள் வரைந்த காலத்தில் கதவோடு சேர்ந்து சமையலறையும் பூஜை அலமாரியும் புரளும்படி சொல்லி வைத்திருந்தாள். அதனால் தொடுவதற்கு முன்னால் அடுப்பில் பால் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கும் மேலாக ஒரு சிக்கல் இருந்தது, பூஜை அலமாரியில் ஒட்டியிருக்கிற பிள்ளையாரும் புரண்டு, தும்பிக்கை பக்கம் மாறி, இடம்புரி வலம்புரி ஆகிவிடுவார். வலம்புரிப் பிள்ளையார் வைத்தால் ஆசாரம் கூட. வாஸ்துவுக்காகக் கதவைத் திருப்பின வீடுகளில் எல்லாம் முட்டை நின்றுபோனது, கருவாடு தெருவுக்கு வெளியே போனது. ஆடி மாதம் முழுக்கப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ராத்திரி கோழிக்குழம்பு வைக்கிற அன்றைக்கு மட்டும் கதவைப் பழையபடி திருப்பிக்கொள்வது என்று ஆண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

இதெல்லாம் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவரைப் பற்றியது. வீட்டுக்குள்ளே இருக்கிற தடுப்புச் சுவருக்கு யாரும் எந்த முறைமையும் வைக்கவில்லை. சொந்த வீட்டுக்குள்ளே யார் யாரிடம் தட்டைத் தூக்கிக்கொண்டு போவது?

கோமதிக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்த நேரம் அது. பெண் பார்க்க வருகிறவர்கள் உட்கார ஹால் கொஞ்சம் பெரிசாக இருந்தால் நல்லது என்று செண்பகம் தடுப்பை ஒரு சாண் தள்ளினாள். "சாயங்காலம் விட்டுடுதேன் உலகு" என்றாள், மறந்துபோனாள். அடுத்த வாரம் சோபா வந்தது, ஒரு சாண். நிச்சயத்துக்கு வாங்கின பாத்திரங்கள் வந்தன, இன்னொரு சாண். செண்பகம் கெட்டவள் இல்லை, நல்ல மீனாகப் பார்த்து நாத்தனார் தட்டில் வைக்கிறவள்தான். தடுப்புச் சுவரைத் தள்ளும்போது மட்டும் அதற்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இருப்பது அவளுக்கு ஞாபகத்துக்கு வருவதில்லை. உலகம்மாள் காலையில் வேலைக்குப் போகும் முன் தன் பக்கத்து முக்கோணத்தைப் பிடித்துச் சுவரைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டுப் போவாள், சாயங்காலம் வந்து பார்த்தால் அது நேற்றைக்கு இருந்ததைவிட உள்ளே வந்திருக்கும். மர மில்லில் வேலை பார்க்கிற அண்ணன் குத்தாலிங்கம், வீட்டில் யாராவது யாரையாவது ஏதாவது சொல்லப்போகிறார்கள் என்று தெரிந்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுகிறவர்.

சுவர் நகரும்போது கட்டிலும் பெட்டியும் நகர வேண்டும் என்று உலகம்மாள் படத்தில் சொல்லியிருக்கவில்லை, ஸ்டோரில் ஏது கட்டில்? அதனால் அவையெல்லாம் இருந்த இடத்திலேயே நின்றன, சுவர்தான் அவற்றைத் தாண்டி வந்தது. முதலில் அவளுடைய துணிக்கொடி ஹாலுக்குப் போனது. அப்புறம் டிரங்குப் பெட்டி போனது, அதன்மேல் செண்பகம் ஒரு துணியை விரித்து டி.வி.யை வைத்தாள். அப்புறம் கட்டிலின் கால்மாடு.

அந்த வாரத்தில்தான் காலனித் தலைவர் சுடலைமுத்துவின் வீட்டுக்கு உலகம்மாள் ஏதோ விலாசம் கேட்கப் போயிருந்தாள். அவர் வீட்டு ஹால் இந்தச் சுவர்முதல் அந்தச் சுவர்வரை விரிந்து கிடந்தது. தடுப்பும் இல்லை, அதன் முக்கோணமும் இல்லை. என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. பாதி சுருங்கினால் உள்ளே இருப்பது ஹாலுக்கு வரும், ஒன்றுமே இல்லாத அளவுக்குச் சுருக்கிவிட்டால் உள்ளே இருந்ததெல்லாம் அறையோடு போய்விடும், இழுக்கிற முக்கோணமும் எதிர்ச்சுவருக்குள் போய் மறைந்துவிடும், அப்புறம் யார் நினைத்தாலும் பிடித்து இழுக்க முடியாது, அப்படி ஒரு அறை இருந்ததே தெரியாமல் போய்விடும்.

"உள்ள என்ன வச்சிருந்தீய அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"ஓட்டை அண்டாவும் உடைஞ்ச சைக்கிளும். தொலையட்டும்."

"மாடசாமி அண்ணன எங்க காணோம்?" மாடசாமி சுடலைமுத்துவின் அண்ணன், எப்போதும் காதில் டிரான்சிஸ்டரோடு இருப்பவர்.

"அவரு பம்பாய்க்குப் போயிட்டாருல்லா" என்றார் சுடலைமுத்து. சொன்னதில் அவருக்கே முழு நம்பிக்கை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலனிக் கூட்டத்தில் உலகம்மாள் எழுந்து நின்றாள். இந்த வீட்டை வரைந்தது நான்தான், சின்ன அறைக்கு ஒரு குறைந்த அளவு வைக்காமல் விட்டுவிட்டேன், அலுவலகத்தில் படம் இன்னும் இருக்கிறது, அதில் அந்த அளவைப் போட்டுவிட்டால் அதற்குக் கீழே எந்த வீட்டிலும் அறை சுருங்காது என்றாள். கூட்டம் அதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. நன்றாக வரைந்திருக்கிறாய் என்று நாலு பேர் சொன்னார்கள். மாடியை மேலே இழுக்கிற மாதிரிப் போட்டுத்தர முடியுமா என்று ஒருவர் கேட்டார். ஆணிக்காரர் மட்டும், "படத்தைத் திருத்தினா இப்ப இழுத்து வச்சிருக்கிற சுவரெல்லாம் என்ன ஆகும்?" என்று விவரமாகக் கேட்டார்.

"எல்லாம் வரைஞ்ச இடத்துக்குத் திரும்பிரும். அப்புறம் மறுபடி இழுத்துக்கிடலாம்."

கூட்டத்தில் ஒரே சத்தம். வளைகாப்புக்கு, காதுகுத்துக்கு, மொட்டைக்கு என்று யார் யாரோ யார் யாரிடமோ சுவர் வாங்கி வைத்திருந்தார்கள். சுடலைமுத்து கையை உயர்த்தி அடக்கினார். "ஏ உலகம்மா, ஒரு ஸ்டோர் ரூமுக்காக ஊரையே கலைக்கச் சொல்லுதியா? படத்துல யாரும் கைவைக்கக் கூடாதுன்னு தீர்மானம் போடுதோம்." எல்லோரும் கையைத் தட்டினார்கள், செண்பகமும் தட்டினாள். எழுந்து நின்ற உலகம்மாளை உட்கார் என்று யாரும் சொல்லாததால் அவள் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தாள்.

கோமதிக்கு ஆவணியில் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை வீட்டார் தேதி குறிக்க வந்த காலையில் உலகம்மாள் கண்விழித்தபோது முழங்காலுக்குக் கீழே அவள் ஹாலில் இருந்தாள். வலி ஒன்றும் இல்லை. சுவர் அவள் கால்களைத் தாண்டி வந்திருந்தது, அவ்வளவுதான். இந்தப் பக்கம் முக்கோணம் படுத்தபடி எட்டாத உயரத்தில் இருந்தது, கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தபோது வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது, கோமதியின் நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் சத்தம் போட வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாள். செண்பகம் அவள் கால்களின்மேல் ஒரு நல்ல போர்வையை விரித்துவிட்டு, வந்தவர்களை உட்காரச் சொல்லிக் கேசரி கொடுத்தாள்.

"அது யாரு காலு?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்பது சுவர் வழியாகக் கேட்டது.

"எங்க நாத்தனா கால்தான்."

போர்வை கொஞ்சம் விலகுவது உலகம்மாளுக்குத் தெரிந்தது. வந்தவள் விரல்களைப் பார்க்கிறாள்.

"மெட்டியக் காணோம்?"

"கல்யாணம் ஆகல."

"ஓ" என்றாள் அந்த அம்மாள். போர்வை மறுபடி மூடியது. "கேசரிக்கு முந்திரிப் பருப்பு உள்ளூர்லயே வாங்கினீயளா?"

உலகம்மாள் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். கேசரி சாப்பிட்டவர்கள் போனபிறகு குத்தாலிங்கம் வந்து சுவரைக் கொஞ்சம் நகர்த்தி அவள் கால்களை எடுத்துக்கொடுத்தார்.

அன்று மத்தியானம் செண்பகம் அவளுக்குக் கேசரி கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார இடமில்லாததால் நின்றுகொண்டே சொன்னாள். "உலகு, கல்யாணத்தன்னைக்கு அவிய ஆளுக நிறைய வருவாவ. இந்த ரூம முழுசா மூடிட்டா ஹாலு எடுப்பா இருக்கும். ஒரே ஒரு நாளு."

"மூடிட்டா அப்புறம் திறக்காது மதினி."

"ஏன் திறக்காம? நம்ம வீட்டுச் சுவருதான?"

"நான் எங்க இருப்பேன்?"

செண்பகம் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், அவள் முகத்தில் அது தெரிந்தது. "நீ எங்கயாவது இருந்துக்கிடுவ" என்றாள் கடைசியில், அன்பாகத்தான் சொன்னாள். குத்தாலிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உலகம்மாள் பழைய படத்தைத் திறந்தாள். தெரிந்த வீடு, தெரிந்த கோடுகள், நடுவில் அவள் எழுதின 'ஸ்டோர்'. முதலில் அதை அழித்து 'அறை' என்று எழுதினாள். சுருங்குகிற அளவுக்கான கட்டம் இத்தனை காலமும் காலியாகவே காத்துக்கிடந்தது. என்ன எழுதுவது? புத்தகத்தில் அளவு உண்டு, கட்டில் இவ்வளவு, நடக்க இவ்வளவு என்று மனப்பாடமாகவே தெரியும். அவள் எழுந்து, மேஜைக்கும் அலமாரிக்கும் நடுவில் தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுக்க நீட்டினாள். நீட்டி எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை.

ஃபெலிக்ஸ் சார் டிபன் டப்பாவோடு உள்ளே வந்து நின்றார்.

"என்னம்மா, மயக்கமா?"

"இல்ல சார், அளவு எடுக்கேன்."

அவர் டப்பாவை வைத்துவிட்டு, டேப்பை எடுத்து, குனிந்து, ஒரு முனையை அவள் இடது கை நுனியில் வைத்துப் பிடித்துக்கொண்டு மறுமுனையை வலது கைக்கு நீட்டினார். அவள் எழுந்து அந்த அளவைக் கட்டத்தில் எழுதிச் சேமித்தாள்.

காலனியில் அந்நேரம் நடு வரிசையில் ஒரு வளைகாப்புப் பந்தி நடந்துகொண்டிருந்தது. கடன் வாங்கின சுவர்கள் எல்லாம் சேலை உரசுகிற சத்தத்தோடு தத்தம் இடத்துக்குத் திரும்பின, பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருந்ததால் பாதிப் பேர் எஸ்தர் டீச்சர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ட்யூஷன் பிள்ளைகளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, தன் வீட்டு ரசத்தை எடுத்துவந்து அவர்களுக்கு ஊற்றினாள்.

சாயங்காலம் உலகம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தெருமுனையில் காலனியே திரண்டு நின்றது. சுடலைமுத்து முன்னால் நின்றார், தீர்மானத்தை மீறினவளை என்ன செய்வது என்று கேட்பதற்காக அவர் கையை உயர்த்தினார். அப்போது அவர் வீட்டுக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. காதில் டிரான்சிஸ்டரோடு மாடசாமி வாசலுக்கு வந்து, வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"எப்ப வந்தீய அண்ணே பம்பாயிலேருந்து?" என்றார் சுடலைமுத்து.

"நான் எங்கடா போனேன்?" என்றார் மாடசாமி. "சோறு இருக்கா?"

அப்புறம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆட்கள் தெரிந்தார்கள். ஆணிக்காரர் வீட்டில் வேலை போன மூத்த மகன், லெப்பைக் கடைக்காரர் வீட்டில் யாரோடும் பேசாத ஒரு சின்னம்மா, கடைசி வீட்டில் வாழப் போன இடத்திலிருந்து திரும்பி வந்துவிட்ட மகள். எஸ்தர் டீச்சர் வீட்டுச் சின்ன அறையில் யாரும் இல்லை, பழைய பரீட்சைப் பேப்பர்கள்தான் இருந்தன. வந்தவர்கள் எல்லோரும் முதலில் செய்த காரியம் ஒன்றுதான்: வாசலில் நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினார்கள். தெரு முழுக்க அப்படி நீட்டிக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தபிறகு சுடலைமுத்து உயர்த்தின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார். கூட்டம் அதோடு கலைந்தது, அவரவர் வீட்டில் ஒரு ஆளுக்குக் கூடுதலாக உலை வைக்கப் போனார்கள்.

செண்பகம் நாத்தனாரோடு பேசவில்லை. கல்யாணம் நெருங்கி வந்தது, தெருவில் பந்தல் போட்டார்கள், வரிசைக்காரர்கள் எல்லோரும் வெற்றிலை எடுத்துச் சுவர் கொடுத்தார்கள், அப்படியும் இடம் போதவில்லை. உலகம்மாள் தன் கட்டிலை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டு, டிரங்குப் பெட்டியை டி.வி.க்குக் கீழேயிருந்து மீட்டுக் கொண்டுவந்து வைத்தாள். கோமதி அங்கேதான் வந்து உட்கார்ந்து மருதாணி வைத்துக்கொண்டாள். "அத்தை, இந்த ரூம்ல இவ்வளவு காத்து வருமா?" என்று கேட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, அறைக்கு வெளியே யாரோ வந்து நிற்கிற நிழல் கதவுக்கு அடியில் தெரிந்தது. செண்பகம். அந்தக் கதவுக்கு வெளியே அவள் இதுவரை நின்றதே இல்லை, திறந்து உள்ளே வந்துதான் பழக்கம். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு கை சீனி. என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், தட்டை ஒரு தடவை கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"உலகு," என்றாள், "சுவரு கேக்க வந்திருக்கேன்."

உலகம்மாள் தட்டைப் பார்த்தாள். காலனியில் எத்தனையோ வீட்டுக்கு எத்தனையோ தட்டு போனதை அவள் பார்த்திருக்கிறாள், அவளுக்கென்று ஒன்று வந்தது இதுதான் முதல் தடவை. வெற்றிலையை எடுத்துக்கொண்டாள்.

"சுவரென்ன மதினி, இழுங்க."

செண்பகம் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து முக்கோணத்தைப் பிடித்து இழுத்தாள். சுவர் சொன்ன பேச்சைக் கேட்டு வந்தது, ஹால் அகன்றது, சோபா மூச்சுவிட்டது. கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி வந்து சுவர் நின்றது. செண்பகம் மறுபடி இழுத்தாள். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, காலை நிலையில் ஊன்றி இழுத்தாள். குத்தாலிங்கம் அன்றைக்கு அதிசயமாகத் தெருவுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார், அவரும் வந்து, மில்லில் மரம் புரட்டின கையால் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"இதுக்கு மேல வர மாட்டேங்கே உலகு" என்றாள் செண்பகம், மூச்சு வாங்க.

உலகம்மாள் வெற்றிலையில் சீனியை வைத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அதுக்கு இங்கிட்டு நான் இருக்கேன்லா மதினி" என்றாள்.